ஊசி இறங்கிய பிறகு: ஒரு பழைய டவுன் ஏஸின் ஹெட் வேலை

எங்கள் வான் கடந்த எட்டு மாதங்களாக, ஒரேயொரு நாளைத் தவிர, ஒரு சொட்டுத் தண்ணீரும் கேட்கவில்லை. அதற்கு முந்திய இரண்டு வருடங்களும் காலைதோறும் அரை லீற்றர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்த எனக்கு, எஞ்சின் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றரின் மூடியைத் திறந்ததும் தண்ணீர் மட்டம் நேற்று நின்ற இடத்திலேயே நிற்பதைக் காண்பது இன்னமும் பழகவில்லை. இந்த நிலைக்கு வர 149,350 ரூபாயும் மூன்று மாதங்களும் ஒரு முழுத் தோல்வியும் தேவைப்பட்டன. உண்மையில் பழுதாகியிருந்த இடத்தைச் சரிசெய்ய 450 ரூபாயே போதுமாக இருந்தது. அதனால்தான் நடந்ததை ஒழுங்கு மாறாமல் எழுதி வைக்கிறேன்.

வான் 1989ஆம் ஆண்டு டொயோட்டா டவுன் ஏஸ். இங்கே எல்லோரும் லொட்டோ என்று அழைக்கும் சிஆர்27 வகை. டொயோட்டா 1967இல் ஹைஏஸையும் 1970இல் லைட் ஏஸையும் 1976இல் டவுன் ஏஸையும் வெளியிட்டது. என்னிடம் இருப்பது 1980களில் வந்த இரண்டாம் தலைமுறை. 1974 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள 2சி டீசல் எஞ்சின் முன்னிருக்கைகளுக்குக் கீழே படுத்திருக்கும். சிலிண்டர்கள் உள்ள வார்ப்பிரும்புப் பிளொக்கின் மேல், அவற்றை மூடும் அலுமினிய ஹெட் அமர்ந்திருக்கும். வார நாட்களில் மல்லாவிப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளையும், சனி ஞாயிறுகளில் கோயில், கல்யாண வீடு என்று வரும் ஹயர்களையும் இந்த வான்தான் சுமக்கிறது. விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொன்னவர்கள் பலர். ஆனால் 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்த வயதுடைய வான்களுக்குக் கேட்கப்பட்ட விலைகளைப் பார்த்தவர்களுக்கு, நான் ஏன் இதையே திருத்தப் புறப்பட்டேன் என்பதை விளக்கத் தேவையில்லை.

2024 வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்காகப் பதின்மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஓடிக்கொண்டிருந்தோம். ஒட்டுசுட்டானுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் இருக்கும்போது வெப்பமானியின் ஊசி பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. நிழலாக ஓர் இடம் வரட்டும் என்று நினைத்து ஓடினேன். ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்னர், நான் எதுவும் செய்யாமலே, மெல்ல இறங்கி நடுவுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. பின்னிருக்கையில் இருந்த மாமி, "அம்மாள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா" என்று கைகூப்பினார். எனக்கும் ஆறுதலாகவே இருந்தது. மேலும் மூன்று கிலோமீற்றர் ஓடிய பின் எஞ்சின் இழுவையை இழந்து, தகர டப்பாவுக்குள் கல் உருட்டியது போன்ற சத்தத்துடன் நின்றது. இருக்கையைத் தூக்கியபோது எழுந்த ஆவியில் என் இடது முன்கை வெந்தது. அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது.

ஊசி ஏன் இறங்கியது என்பது அன்று எனக்குப் புரியவில்லை. வெப்பத்தை உணரும் கருவி தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் வரைதான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றி அது வெற்றிடத்தில் தொங்கத் தொடங்கினால், ஹெட் எவ்வளவுதான் காய்ந்தாலும் ஊசி இறங்கவே செய்யும். இந்த வகை வான் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று இது: ஏறிய ஊசி காரணமின்றி இறங்கினால், அந்த இடத்திலேயே சாவியை மூட வேண்டும்.

முதல் முயற்சியை வீட்டு மாமரத்தின் கீழ் நானும் மச்சானும் செய்தோம். லொட்டோவில் எஞ்சினைத் தொடுவதற்கு வானுக்கு உள்ளே ஏறி, முன்னிருக்கையை மடக்கி, தகர மூடியை எடுத்து, கோயிலில் விழுந்து கும்பிடுபவர் போல் முழங்காலிட வேண்டும். பின்பக்கத்து நட்டுகளைக் கண்ணால் பார்க்க வழியில்லை. விரல் நுனியால் எண்ணித்தான் கழற்ற வேண்டும். ஹெட்டைக் கழற்ற ஒன்றரை நாள் பிடித்தது. ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் பழைய காஸ்கெட், இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கரிந்து ஊதியிருந்தது. பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இருவரும் மகிழ்ந்தோம். பிழை அங்கேதான் தொடங்கியது.

4,500 ரூபாய்க்கு ஒரு காஸ்கெட் வாங்கி, ஹெட்டின் அடிப்பரப்பை அரத்தாளால் தேய்த்து மினுக்கி, போல்டுகளைக் கைக்கணக்கில் இறுக்கினோம். எஞ்சின் சூடேறிய பின்னரே றேடியேற்றருக்கு வழிதிறக்கும் தேர்மோஸ்டாட் வெப்ப நாட்டில் எதற்கு என்று எல்லோரும் சொல்வதை நம்பி அதையும் கழற்றி எறிந்தோம். றேடியேற்றருக்குள் வெள்ளைப் படிவு தெரிந்ததால், 400 ரூபாய்க்குச் சிட்ரிக் அமிலம் வாங்கிக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, கழுவிவிட்டோம். ஒயிலும் ஃபில்டரும் 12,500 ரூபாய். ஆக 17,400 ரூபாய் செலவில் வான் உயிர் பெற்றது.

பதினோராம் நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மறுபடியும் ஆவி கிளம்பியது. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். தேத்தண்ணிக்கு ஊற்றும் ரின்பாலைப் போன்ற நிறத்தில், தண்ணீர் கலந்த ஒயில் ஒட்டியிருந்தது.

இந்த முறை 9,000 ரூபாய் கொடுத்து வானைக் கட்டியிழுத்து, கிளிநொச்சியில் ஒரு பெரியவரின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். ஹெட்டைக் கழற்றியதும் அவர் காஸ்கெட்டைப் பார்க்கவில்லை. நேரான உருக்குச் சட்டம் ஒன்றை எடுத்து ஹெட்டின் அடிப்பரப்பில் குறுக்காக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று, நடுவில் தடித்தும் ஓரங்களில் ஒடுங்கியும் தெரிந்தது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தார், 0.25 மில்லிமீற்றர் தகடு தாராளமாகப் போய்வந்தது. காகிதத் தாள் இரண்டின் தடிப்பு அளவேயான அந்த வளைவின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த காஸ்கெட்டை வைத்தாலும் அது நிற்காது. நாங்கள் மாமரத்தின் கீழ் அரத்தாளால் மினுக்கியது அழுக்கை மட்டுமே.

"ஊசி ஏறேக்கையே நிப்பாட்டியிருந்தா இது வளைஞ்சிராது தம்பி" என்றார். பிறகு, "சரி, தண்ணி ஏன் குறைஞ்சது?" என்று கேட்டார். காஸ்கெட் போனதால் என்றேன். "காஸ்கெட் தண்ணி குறைஞ்சதால போனது. தண்ணி ஏன் குறைஞ்சது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் அரை லீற்றர் ஊற்றியிருக்கிறேன். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் தேடவில்லை. வானுக்குக் கீழே ஈரம் கண்டதில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஹெட் லேத்துக்கும், றேடியேற்றர் வவுனியாவுக்கும் போயிருந்த ஒன்பது நாட்களில் இந்த வானைச் செய்த நிறுவனத்தைப் பற்றி வாசித்தேன். பெரியவரின் கேள்வியை அங்கேயும் கண்டபோது வியப்பாக இருந்தது. டொயோட்டா வாகனத்தில் தொடங்கிய நிறுவனம் அல்ல, நெசவில் தொடங்கியது. தச்சர் ஒருவரின் மகனாக 1867இல் பிறந்த சகிச்சி டொயோடா, மரத்தால் ஆன கைத்தறியைத் திருத்துவதில் ஆரம்பித்து, 1924இல் ஜி வகைத் தானியங்கித் தறியை நிறைவுசெய்தார். ஓட்டத்தை நிறுத்தாமலே ஊடை இழையைக் கொண்டோடும் நாடாவை மாற்றிக்கொள்வது அந்தத் தறியின் ஒரு சிறப்பு. என்னைப் பிடித்து நிறுத்தியதோ மற்றச் சிறப்பு. ஓர் இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அறுந்த இழையோடு மேலும் பத்து முழம் நெய்து துணியைக் கெடுக்காது. அறுந்த இழையோடு பத்தல்ல, மூவாயிரம் மீற்றர் நெய்தவன் நான்.

1929இல் அந்தத் தறியின் உரிமத்தை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. 1933இல் தறித் தொழிற்சாலைக்கு உள்ளேயே ஒரு வாகனப் பிரிவைத் தொடங்கியவர் சகிச்சியின் மகன் கிச்சிரோ. 1935இல் வந்த ஜி1 லொறிகள் வீதியில் அடிக்கடி பழுதாகி நின்றன என்பதை வாசித்தபோது, கட்டியிழுக்கும் கயிறு கையில் இருந்த எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. 1936இல் ஏஏ என்ற கார் வந்தது. டொயோடா என்ற குடும்பப் பெயர் டொயோட்டா ஆனதும் அதே ஆண்டில்தான். ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளால் எழுத முடிவது நல்ல சகுனம் என்பதும் அதற்கு ஒரு காரணம். எண்சாத்திரம் பார்த்துக் கடைக்குப் பெயர் வைக்கும் எங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. 1937 ஓகஸ்ட் 28இல் தனி நிறுவனமாகப் பதிவான டொயோட்டா, 1950இல் ஏறக்குறைய வங்குரோத்தாகி, வேலைநிறுத்தத்தில் சிக்கி, கிச்சிரோ பதவி விலகும் நிலைக்கு வந்தது. அதே ஆண்டு மூண்ட கொரியப் போருக்காக அமெரிக்கா வாங்கிய லொறிகளே அதைத் தூக்கி நிறுத்தின. போரில் எல்லா வாகனங்களையும் இழந்த ஓர் ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

1932இல் நெசவாலையில் சேர்ந்து 1943இல் வாகனப் பக்கம் வந்த தைச்சி ஓனோ, தறியின் அந்தக் குணத்தைத் தொழிற்சாலை முழுவதற்கும் கொண்டுவந்தார். எந்தத் தொழிலாளியும் பிழை ஒன்றைக் கண்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். நின்ற பிறகு ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். அவர் சொன்ன உதாரணம் ஓர் இயந்திரம் நின்றுபோனதைப் பற்றியது: பாரம் கூடியதால் ஃபியூஸ் எரிந்தது, பேரிங்கில் எண்ணெய் போதாததால் பாரம் கூடியது, பம்ப் சரியாக இறைக்காததால் எண்ணெய் போதவில்லை, அச்சு தேய்ந்ததால் பம்ப் இறைக்கவில்லை, வடிகட்டி இல்லாததால் உலோகத்தூள் புகுந்து அச்சைத் தேய்த்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியவன் சில மாதங்களில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பான். நான் மாற்றிய 4,500 ரூபாய்க் காஸ்கெட் அந்த ஃபியூஸ்தான்.

எனவே, ஹெட்டும் றேடியேற்றரும் திரும்பி வந்து எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, தண்ணீர் போன வழியைத் தேடினோம். பெரியவர் றேடியேற்றர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப் ஒன்றைப் பொருத்தி, மூடியில் பொறித்திருந்த அளவான 0.9 வரை அழுத்தம் ஏற்றினார். முள் இருபது நிமிடத்தில் 0.6க்கு இறங்கியது. குழாய்களையெல்லாம் தடவிப் பார்த்தும் ஈரம் இல்லை. கடைசியில் வானுக்குக் கீழே படுத்து, கைவிளக்குடன் பின்பக்கம் நோக்கித் தவழ்ந்தபோது, சேஸியை ஒட்டி ஓடும் இரண்டு இரும்புக் குழாய்களைக் கண்டேன். ஜப்பானின் குளிருக்காகப் பின்னிருக்கைக்கு வைத்த சூடாக்கிக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் அவை. வன்னியில் வான் சூடாக்கியைப் போட்டவர் யாரும் இருக்க முடியாது என்பதால், அப்படி ஒன்று இருப்பதையே நான் அறிந்திருக்கவில்லை. ஒரு குழாயின் வளைவில், அதைப் பிடித்திருந்த கிளிப்புக்கு உள்ளே, துரு தின்ற ஊசித்துளை இருந்தது. அழுத்தம் ஏறினால் மட்டுமே அது கசியும்; எஞ்சின் சூடாகி ஓடும்போது கசிவது வீதியிலேயே காற்றில் உலர்ந்துவிடும்; ஆறியதும் நின்றுவிடும். முற்றத்தில் ஈரம் தெரியாததன் காரணம் அதுதான்.

திருத்தம் எளிமையானது. பின்னால் போகும் இரண்டு றப்பர்க் குழாய்களையும் முன்பக்கத்திலேயே கழற்றிவிட்டு, யூ வடிவக் குழாய் ஒன்றால் இரண்டு முனைகளையும் இணைத்து கிளிப் போட்டோம். அந்த 450 ரூபாய் இதுதான்.

குழாய் துருப்பிடித்தது ஏன் என்பதற்கும், றேடியேற்றர் அடைத்தது ஏன் என்பதற்கும் விடை எங்கள் கிணற்றில் இருந்தது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் கேத்தல் வைத்தால் ஆறு மாதத்தில் அடியில் வெள்ளை ஓடு கட்டும். நான் ஒரு லீற்றர் தண்ணீரை வெள்ளித் தட்டத்தில் முற்றாக வற்றவைத்து, எஞ்சிய பொடியைச் சுரண்டி, தெரிந்த ஒருவரின் நகைக்கடைத் தராசில் நிறுத்தேன், 0.58 கிராம். நாளுக்கு அரை லீற்றர் வீதம் இரண்டு வருடத்தில் ஊற்றிய ஏறக்குறைய 350 லீற்றரில் 200 கிராம் உப்பு வந்திருக்கும். அது முழுவதும் உள்ளே தங்கியிருக்காது. கசிவோடு ஒரு பங்கு போயிருக்கும். ஆனாலும் வவுனியாவில் றேடியேற்றரின் மேல்தொட்டியை உருக்கித் திறந்தபோது 44 குழாய்களில் 17 குழாய்களுக்குள் கம்பி நுழையவில்லை. அவற்றில் சில என் சிட்ரிக் அமிலக் கழுவலால் அடைத்தவை: பிளொக்குக்குள் ஒட்டியிருந்த ஓடுகளை அமிலம் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, அவற்றைக் கொண்டுபோய் றேடியேற்றர் வாயில் சேர்த்திருந்தது. கழுவுவதென்றால் றேடியேற்றரைத் தனியே கழற்றி, தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சித்தான் கழுவ வேண்டும். கம்பி குத்திச் சுத்தம் செய்து மறுபடியும் ஈயம் வைக்க 9,500 ரூபாய் ஆனது.

ஹெட்டை அழுத்தச் சோதனை செய்து, வெடிப்பு இல்லையென்று உறுதிப்படுத்திய பின்னரே அடிப்பரப்பைச் சமமாகச் சீவச் சொன்னேன். இரண்டுக்கும் 11,000 ரூபாய். இந்த எஞ்சின்களில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பது வழக்கம் என்பதால், வெடித்த ஹெட்டைச் சீவிப் பணத்தை வீணாக்காமல் இருக்க இந்த ஒழுங்கு முக்கியம். டீசல் ஹெட்டை நினைத்தபோதெல்லாம் சீவவும் முடியாது. அடுத்த தடவை வளைந்தால் வேறு ஹெட்தான் என்று லேத்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பூட்டும்போது முழு காஸ்கெட் செட் (16,500), டைமிங் பெல்ட்டும் அதன் பேரிங்கும் (14,500), வோட்டர் பம்ப் (13,000) எல்லாம் புதிதாகப் போட்டோம். பெல்ட்டைக் கழற்றும் முன் எல்லாப் பற்சில்லுகளிலும் மகளின் நகப்பூச்சால் அடையாளம் வைத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான வேலை. போல்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் கொண்டு, நடுவில் தொடங்கி வெளிநோக்கி, மூன்று சுற்றுகளாகப் பெரியவர் இறுக்கினார்.

3,200 ரூபாய்க்கு வாங்கிய தேர்மோஸ்டாட்டைப் பூட்டும் முன் சட்டிக்குள் போட்டுக் காய்ச்சிப் பார்த்தோம். 82 பாகையில் அசையத் தொடங்கி, 95இல் முழுவதும் திறந்தது. அதன் வில்லுக்குக் கீழே உள்ள சிறிய வட்டத்தகட்டைப் பெரியவர் காட்டினார். மேலே வழி திறக்கும்போது அந்தத் தகடு கீழே உள்ள குறுக்குவழியை அடைக்கும். தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் குறுக்குவழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். வெப்ப நாட்டில்தான் அது கட்டாயம் வேண்டும்.

கூலன்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் 10,400 ரூபாய்க்கு வாங்கிக் கலந்தேன். இந்த வானில் குழாய்கள் நீளமாகவும் மேடுபள்ளமாகவும் ஓடுவதால் காற்று சிறைப்படும். முன்சில்லுகளைக் குளக்கட்டுச் சரிவில் ஏற்றி நிறுத்தி, முன் சூடாக்கியைத் திறந்துவிட்டு, மூடியில்லாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கடைசிக் குமிழி பெரிய ஏப்பம் போல வெளிவந்ததும் மட்டம் ஒரு சாண் இறங்கியது; மேலும் ஒரு லீற்றருக்கு மேல் பிடித்தது.

கூலி 22,000 ரூபாயைக் கொடுத்த பிறகும் எனக்கு அந்த ஊசியின் மேல் நம்பிக்கை வரவில்லை. 2,350 ரூபாய்க்கு ஒரு வெப்ப எச்சரிக்கைக் கருவி வாங்கினேன். அதன் உணரி வளையம் போன்றது. அதை ஹெட்டின் மேலுள்ள ஒரு போல்டின் கீழே வைத்து இறுக்கினேன். அது தண்ணீரை அல்ல, உலோகத்தையே அளக்கும்; தண்ணீர் முழுவதும் போனாலும் பொய் சொல்லாது. ஒரு வாரம் ஓடிப் பார்த்து, வழக்கமான அதிகபட்சத்தைவிடப் பத்துப் பாகை மேலே அலாரத்தை வைத்தேன்.

அடுத்த முறை இதைச் செய்வதானால், எதையும் கழற்றும் முன் அழுத்தப் பம்பை வைத்துப் பார்ப்பேன். கழற்றிய ஹெட்டை அளக்காமல் பூட்டமாட்டேன். யூ குழாய்க்கும் மற்ற றப்பர்க் குழாய்களுக்கும் ஒரே கடையில் வாங்கிய மலிவான கிளிப்புகளைப் போட்டதுதான் இந்தத் தடவை விட்ட பிழை. மார்கழி மழையில், புளியங்குளம் தாண்டி வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அலாரம் கத்தியது. ஊசி அப்போது நடுவில்தான் நின்றது. நனைந்தாலும் பரவாயில்லை என்று வீதியோரத்தில் நிறுத்தி, இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். மேல் குழாயின் கிளிப் தளர்ந்து, நூல் போலத் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, திருப்புளியால் இறுக்கி, போத்தலில் வைத்திருந்த கலவையில் ஒரு லீற்றரை ஊற்றினேன். மறுநாள் எல்லாக் கிளிப்புகளையும் தடித்தவையாக மாற்றினேன். ஒன்று 150 ரூபாய்.